சாகாத புரோட்டான்: கோலார் தங்கவயலும் மீச்சீர்மைத் தேடலும்

அணுக்கருவுக்கு வெளியே தனித்து விடப்பட்ட நியூட்ரான் சுமார் 15 நிமிடத்தில் சிதைந்துவிடும். மியூவானின் ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். புரோட்டான் சிதைந்ததை மட்டும் இதுவரை யாரும் கண்டதில்லை. அது ஏன் சிதைவதில்லை என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கிடைத்த விடை பேரியான் எண் என்ற கணக்கு. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் ஆளுக்கு 1, எலெக்ட்ரானுக்கும் மியூவானுக்கும் சுழியம், எந்த வினையிலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது என்பது விதி. 1938-ல் ஸ்டூக்கெல்பெர்க் இதை முன்வைத்தார். பின்னர் விக்னர் வலியுறுத்தினார். புரோட்டான் பேரியான்களிலேயே இலேசானது என்பதால் அது சிதைந்து மாறுவதற்கு வேறு பேரியான் இல்லை. விதி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் மின்னூட்டம் மாறாமல் இருப்பதற்குப் பின்னால் மின்காந்தப் புலம் என்ற ஆழ்ந்த காரணம் இருப்பதுபோல் பேரியான் எண்ணுக்குப் பின்னால் எந்தக் காரணமும் இல்லை. கண்ட நடப்பை ஏட்டில் எழுதிவைத்த கணக்கு அது, அவ்வளவே.

புரோட்டான் நீண்ட காலம் வாழ்கிறது என்பதற்கு முதல் சான்று மனித உடல். மாரிஸ் கோல்ட்ஹேபர் சொன்ன வாதம் இது: எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 4×10²⁸ புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. அவற்றின் சராசரி ஆயுள் 10¹⁶ ஆண்டாக இருந்தால், உடலுக்குள் நொடிக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிதைவுகள் நிகழும். அந்தக் கதிர்வீச்சு தாங்காமல் மனிதன் செத்துப்போவான். மனிதர்கள் உயிரோடு நடமாடுவதே புரோட்டானின் ஆயுளுக்கு ஒரு கீழெல்லையைத் தந்துவிடுகிறது. அண்டத்தின் வயது 1.4×10¹⁰ ஆண்டுதான் என்பதை நினைத்தால், எலும்பில் உணரும் இந்த அளவுகூடச் சிறியதில்லை. 1954-ல் ரெய்னஸ், கோவன், கோல்ட்ஹேபர் மூவரும் ஒளிர்திரவம் நிரம்பிய தொட்டியை வைத்து இந்த எல்லையை 10²¹ ஆண்டுக்கு மேல் தள்ளினர். புரோட்டான் சிதைவைத் தேடிச் செய்த முதல் ஆய்வு அதுதான்.

அரிய சிதைவுகளைத் தேடும் தொழிலின் நுட்பம் இந்த உடல் வாதத்திலேயே அடங்கியிருக்கிறது. ஒரு துகளை வைத்துக்கொண்டு 10³⁰ ஆண்டு காத்திருக்க முடியாது. 10³⁰ துகள்களைச் சேர்த்துவைத்து ஓராண்டு காத்திருக்கலாம். ஒரு டன் பொருளில், அது இரும்பானாலும் நீரானாலும், சுமார் 6×10²⁹ புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. ஆகவே வேண்டியவை இரண்டு: எடை, அமைதி. எடை என்றால் எவ்வளவு அதிகமோ அவ்வளவு. அமைதி என்றால் காஸ்மிக் கதிர்களின் இரைச்சல் எட்டாத இடம். தரைமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ பத்தாயிரம் மியூவான்கள் வானிலிருந்து பாய்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கக்கூடிய நிகழ்வை அந்த மழைக்கு நடுவே அடையாளம் காண முடியாது. தப்ப ஒரே வழி, பூமிக்குள் இறங்குவது.

இறங்குவதற்கு ஆழமான குழி இந்தியாவில் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தங்கம் எடுத்துவந்தது. சுரங்கத்துக்காகவே 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அன்றைய உலகில் அவ்வளவு தூரம் இழுத்த மின்கம்பிகள் மிகச் சில. சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர், ஊர்காம் என்ற சுரங்கங்களில் பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கன்னட நாட்டின் நடுவே தமிழ் பேசும் ஊராகத் தங்கவயல் வளர்ந்தது அப்படித்தான். தங்கரேகை செங்குத்தாகக் கீழே ஓடியதால் சுரங்கமும் அதைத் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போய், கடைசியில் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். காற்றைக் குளிரவைத்து அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். அழுத்தம் தாங்காத பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் ஆபத்தும் எப்போதும் இருந்தது. இயற்பியல் நூல்கள் கோலாரைப் பற்றி எழுதும்போது ஆழத்தை மீட்டரில் மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த மீட்டர்கள் யார் தோண்டியவை என்பதும் அந்த ஆய்வின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய ஹோமி பாபாவுக்குக் காஸ்மிக் கதிர் சொந்தத் துறை. மியூவான்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் வரை ஊடுருவுகின்றன என்று அளக்க 1951-ல் பி.வி. ஸ்ரீகண்டன் கோலாருக்குப் போனார். கருவிகள் சுரங்கத்தின் கேஜில் ஏறித் தளம் தளமாக இறங்கின. 1960–61-ல் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தின் எஸ். மியாகே, டாட்டா நிலையத்தின் வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி ஆகியோர் அளவீட்டை 2,760 மீட்டர் ஆழம் வரை கொண்டுசென்றனர். அங்கே வாரக்கணக்கில் காத்திருந்தும் கருவியில் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வேறொரு ஆய்வில் இது தோல்வி என்று எழுதப்பட்டிருக்கும். கோலாரில் அதுவே கண்டுபிடிப்பு ஆனது. உலகத்தின் மிக அமைதியான ஆய்வுக்கூடம் தங்கச் சுரங்கத்தின் அடியில் இருக்கிறது என்று அதன் பிறகுதான் தெரிந்தது.

அமைதியின் முதல் பயன் நியூட்ரினோ. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான்களோடு நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. அவற்றுக்குப் பாறை ஒரு தடையே இல்லை. 1964–65-ல் சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் நிறுவப்பட்டன. எதிரெதிரே இரண்டு சுவர்களாக ஒளிர்விப்பான்கள், இடையில் ஈயமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழு கொண்டுவந்த நியான் மின்னல் குழாய்களும். கோலார்ப் பாறை சாதாரணப் பாறையைவிட அடர்த்தியானது, 2.3 கிலோமீட்டர் பாறை 7,000 மீட்டர் நீருக்குச் சமம். மேலிருந்து நேரே இறங்கும் மியூவான்கள் அங்கே மிகச் சில. கிடைமட்டமாக வருவதென்றால் இன்னும் பல கிலோமீட்டர் பாறையைக் கடக்க வேண்டும், அது நடக்காது. ஆகவே பக்கவாட்டில் வந்த மியூவான் என்றால், அது அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க முடியும். 1965 ஏப்ரலில் முதல் நிகழ்வு பதிவானது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்னஸின் குழுவும் அதே வேலையில் இருந்தது. அவர்களின் முதல் நிகழ்வு அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பதிவாகிவிட்டது. ஆனால் கோலார்க் குழுவின் கட்டுரை ஆகஸ்டில் இரண்டு வாரம் முன்னதாக அச்சேறியது. வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட பெருமையை இரண்டு தங்கச் சுரங்கங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

புரோட்டான் சிதைவு இதற்குள் வேறு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. 1967-ல் சாகரோவ், அண்டத்தில் எதிர்ப்பொருள் இல்லாமல் பொருள் மட்டும் மிஞ்சியிருப்பதற்குப் பேரியான் எண் எங்கோ மீறப்பட்டிருக்க வேண்டும் என்று காட்டினார். 1973-ல் ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் குவார்க்குகளையும் லெப்டான்களையும் ஒரே குடும்பமாக்கும் கோட்பாட்டை முன்வைத்தனர். 1974-ல் ஜார்ஜி, கிளாஷோ இருவரும் எஸ்.யூ.(5) என்ற பேரொருமைக் கோட்பாட்டை எழுதினர். மின்காந்த விசை, வலிய விசை, மெலிய விசை மூன்றும் மிக உயர்ந்த ஆற்றலில் ஒரே விசையின் மூன்று முகங்கள் என்பது அதன் கருத்து. குவார்க்கும் எலெக்ட்ரானும் ஒரே குடும்பத்தில் வந்துவிட்டால் ஒன்று மற்றொன்றாக மாறும் வாசலும் திறந்துவிடுகிறது. புரோட்டான் ஒரு பாசிட்ரானாகவும் நடுநிலைப் பையானாகவும் உடையலாம். மூன்று விசைகளும் சந்திக்கும் ஆற்றலைக் கணக்கிட்டபோது 10¹⁵ ஜிகா எலெக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி வந்தது; அதிலிருந்து புரோட்டானின் ஆயுள் 10³⁰ ஆண்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. கோட்பாட்டாளர்கள் இவ்வளவு வெளிப்படையாக ஓர் எண்ணைச் சொல்லி, அது ஆய்வாளர்களின் கைக்கு எட்டும் தூரத்திலும் இருப்பது அபூர்வம். உலகெங்கும் சுரங்கங்களைத் தேடி ஓட்டம் தொடங்கியது.

கோலாருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், எம்.ஆர். கிருஷ்ணசாமி, என்.கே. மண்டல், மியாகே முதலியோர் அடங்கிய இந்திய–ஜப்பானியக் குழு 1980-ன் இறுதியில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள கருவியை இயக்கியது. புரோட்டான் சிதைவுக்கென்றே கட்டப்பட்ட அந்தத் தலைமுறைக் கருவிகளில் முதலாவது அது. பத்து சென்டிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டுள்ள வாயு எண்ணிகள் 34 அடுக்காக, ஓர் அடுக்கு நெடுக்கிலும் அடுத்தது குறுக்கிலுமாக அடுக்கப்பட்டிருந்தன. அடுக்குகளுக்கு இடையே 12 மில்லிமீட்டர் இரும்புத் தகடுகள். சிதைவது இரும்பின் புரோட்டான். அதிலிருந்து தெறிக்கும் துகள்களின் தடத்தை எண்ணிகள் பதிவுசெய்யும். நாளெல்லாம் காத்திருந்தால் கருவியைக் கடக்கும் மியூவான்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

கணக்கு இப்படி இருந்தது. 140 டன்னில் 8×10³¹ புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. ஆயுள் 10³¹ ஆண்டு என்றால் ஆண்டுக்கு எட்டுச் சிதைவுகள். கருவியின் ஓரத்தில் நிகழ்ந்து நழுவுபவற்றைக் கழித்தால் அதிலும் பாதி. 1981-ல் குழு சில நிகழ்வுகளைப் புரோட்டான் சிதைவுக்குத் தகுதியானவை என்று வெளியிட்டது. தடங்கள் கருவியின் ஓரத்தைத் தொட்டதால் வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. 1982-ல், முழுவதும் கருவிக்குள்ளேயே தொடங்கி முடிந்த நிகழ்வுகள் வெளியாயின. ஆயுள் 10³¹ ஆண்டை ஒட்டியது என்று குழு மதிப்பிட்டது. செய்தி உலகெங்கும் பரவியது.

ஆனாலும் ஐயம் தீரவில்லை. ஐயத்தின் வேர் அந்தக் குழுவே 1965-ல் கண்டெடுத்த நியூட்ரினோதான். பாறை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நியூட்ரினோ வரும். கருவியின் இரும்பிலேயே மோதி, எங்கிருந்தோ திடீரென்று முளைத்ததுபோலத் தடங்களை உண்டாக்கும். அதன் ஆற்றலும் புரோட்டான் சிதைவின் ஆற்றலும் ஒரே அளவில் விழக்கூடியவை. ஆயிரம் டன்னுக்கு ஆண்டுக்கு நூறு என்ற அளவில் இவை நிகழும். 140 டன்னுக்குப் பத்துப் பதினைந்து. தேடும் பொருள் எட்டு, அதைப்போலவே தோற்றமளிக்கும் பொருள் பன்னிரண்டு என்றால் சில நிகழ்வுகளை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது கடினம். கோலார் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆற்றல் குறைந்த காஸ்மிக் கதிர்கள் அங்கே திருப்பிவிடப்படுகின்றன. பின்னணி வேறிடங்களைவிடக் குறைவு. அந்தச் சலுகையும் போதவில்லை. பதினாறு ஆண்டுக்கு முன் வெற்றியாக இருந்த ஒன்று இப்போது அழிக்க முடியாத கறையாகிவிட்டது.

தீர்ப்பை எடை சொன்னது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்கு அருகே ஓர் உப்புச் சுரங்கத்தில் 8,000 டன் சுத்தமான நீரையும் 2,048 ஒளிக்குழாய்களையும் கொண்ட ஐ.எம்.பி. கருவி 1982-ல் ஓடத் தொடங்கியது. ஆழம் 600 மீட்டர்தான்; கோலாரில் ஒரு நாளில் வருவதைவிட அதிகமான மியூவான்கள் அங்கே இரண்டு நொடியில் வந்துவிடும். ஆனால் நீர்த்தொட்டியின் வெளிப்பகுதியையே கவசமாக ஒதுக்கிவிட்டு, நடுவே 3,300 டன்னை மட்டும் கணக்கில் கொள்ள முடிந்தது. எண்பது நாளில் பாசிட்ரான்–பையான் சிதைவு ஒன்றுகூட இல்லை. 1983-ல் ஆயுளின் கீழெல்லை 6.5×10³¹ ஆண்டு என்று அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் காமியோகா சுரங்கத்தின் 3,000 டன் காமியோகாண்டேயும் அதையே சொன்னது. அதன் பெயரிலுள்ள கடைசி எழுத்துகள் அணுக்கருத் துகள் சிதைவுச் சோதனை என்பதன் சுருக்கம். ஆல்ப்ஸ் மலைக்கடியில் இரும்புத் தகடுகளால் கட்டிய நுசெக்ஸ், ஃப்ரேஜூ கருவிகளும் கோலாரின் கூற்றை உறுதிப்படுத்தவில்லை. கோலாரில் ஆழம் இருந்தது, எடை இல்லை. இரும்புத் தகடு ஒவ்வொன்றும் ஷாஃப்ட் வழியாக இறங்கியாக வேண்டும். குழாயில் நீரை நிரப்புவதுபோல் இரும்பை நிரப்ப முடியாது. எளிமையான எஸ்.யூ.(5) கோட்பாடும் இந்த முடிவுகளோடு விழுந்தது.

கோட்பாட்டைக் காப்பாற்ற வந்தது சூப்பர்சிமெட்ரி எனப்படும் மீச்சீர்மை. வெஸ், சுமினோ இருவரும் 1974-ல் முழு வடிவம் கொடுத்த இந்தக் கருத்தின்படி ஒவ்வொரு ஃபெர்மியானுக்கும் ஒரு போசான் துணையும், ஒவ்வொரு போசானுக்கும் ஒரு ஃபெர்மியான் துணையும் உண்டு. 1981-ல் டிமோபூலோஸ், ஜார்ஜி ஆகியோர் இதை எஸ்.யூ.(5)-உடன் இணைத்தனர். புதிய துணைத்துகள்கள் சேர்ந்ததும் விசைகள் சந்திக்கும் இடம் 2×10¹⁶ ஜிகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு ஏறியது. புரோட்டானின் ஆயுள் அந்த ஆற்றலின் நாலாம் அடுக்கைப் பொறுத்தது. ஆற்றல் இருபது மடங்கு கூடினால் ஆயுள் 1,60,000 மடங்கு கூடும். பாசிட்ரான்–பையான் சிதைவு ஐ.எம்.பி.யின் எல்லைக்கு அப்பால் பத்திரமாகப் போய்விட்டது. 1991-ல் ஜெனிவாவின் லெப் மோதுகலம் தந்த துல்லிய அளவீடுகளை வைத்துப் பார்த்தபோது, மீச்சீர்மை இல்லாமல் மூன்று விசைகளும் ஒரு புள்ளியில் சந்திக்கவில்லை, அது இருந்தால் சந்திக்கின்றன என்று தெரிந்தது. மீச்சீர்மையின் பக்கம் பலரை இழுத்த படம் அதுதான்.

ஆனால் மீச்சீர்மை புரோட்டானுக்கு ஒரு கதவை மூடி இரண்டு கதவுகளைத் திறந்தது. முதல் கதவு மிக அபாயமானது. துணைத்துகள்கள் சாதாரணத் துகள்களோடு கட்டுப்பாடில்லாமல் வினைபுரிய விட்டால் புரோட்டான் ஒரு நொடிகூட வாழாது. உலகம் இருக்கிறது என்பதாலேயே அதை அடைக்க வேண்டியிருந்தது. ஆர்-இரட்டைத்தன்மை என்ற விதி அதற்காகச் சேர்க்கப்பட்டது: துணைத்துகள்கள் எப்போதும் இரட்டையாகவே பிறக்கும், அவற்றில் இலேசானது சிதையவே சிதையாது. அப்படி நிலைத்து நிற்கும் துகள் அண்டத்தின் இருண்ட பொருளாக இருக்கலாம் என்ற புகழ்பெற்ற ஊகம் இந்த அடைப்பிலிருந்து கிடைத்த உபரி. புரோட்டானைக் காப்பதற்கு வைத்த பூட்டு அது என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது கதவை 1982-ல் வைன்பெர்க் ஒரு பக்கமும், சகாய், யனகிதா இருவரும் மறுபக்கமும் கண்டனர். ஹிக்ஸ் துகளுக்குப் பேரொருமைக் கோட்பாட்டில் நிறமுள்ள கனமான உறவினர்கள் இருக்கின்றன. அவற்றின் மீச்சீர்த் துணைகள் வழியாகவும் புரோட்டான் சிதையலாம். இந்த வழியில் ஆயுள் கனமான ஆற்றலின் நாலாம் அடுக்கைச் சார்வதில்லை, இரண்டாம் அடுக்கைத்தான் சார்கிறது; ஆகவே சிதைவு விரைவு. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. வினையின் அமைப்பே வெவ்வேறு தலைமுறைக் குவார்க்குகளைக் கேட்கிறது. ஆகவே புரோட்டானின் எடைக்குள் அடங்கும் அடுத்த தலைமுறைக் குவார்க்கான ஸ்ட்ரேஞ்ச் வெளிவந்தாக வேண்டும். விளைவு, நேர்மின்னூட்டக் கேயானும் எதிர்நியூட்ரினோவும். சாதாரணப் பேரொருமை பையானைச் சொன்னது. மீச்சீர்மை கேயானைச் சொன்னது. எந்தத் துகள் வெளிவருகிறது என்பதை வைத்தே எந்தக் கோட்பாடு உண்மை என்று சொல்லிவிடலாம் என்ற நிலை அப்போது உருவானது.

இந்தக் கேயான் நீர்க்கருவிகளுக்கு ஒரு தொல்லை. நீரில் ஒளி செல்லும் வேகத்தைவிட வேகமாக ஓடும் மின்துகள்தான் செரன்கோவ் ஒளியை உமிழும். அந்த ஒளிவளையத்தைத்தான் குழாய்கள் காண்கின்றன. புரோட்டான் சிதைவில் பிறக்கும் கேயானின் வேகம் ஒளியின் வேகத்தில் ஐம்பத்தேழு சதவிகிதம்தான். நீரில் ஒளி உமிழ எழுபத்தைந்து வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாமலேயே வந்து நின்று, ஒரு நொடியின் நூறு கோடியில் பன்னிரண்டு பங்கு நேரத்தில் சிதைகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முறை ஒரு மியூவான் பிறக்கிறது, எப்போதும் ஒரே உந்தத்தோடு. ஆய்வாளர்கள் கண்டுபிடித்த தந்திரம் நுட்பமானது. சிதைந்த புரோட்டான் ஆக்சிஜன் அணுக்கருவில் இருந்திருந்தால், மிஞ்சும் நைட்ரஜன் கரு 6.3 மெகா எலெக்ட்ரான்வோல்ட் காமா கதிர் ஒன்றை உமிழும். முதலில் அந்தச் சிறு மினுக்கல், பன்னிரண்டு நானோநொடி கழித்து மியூவானின் வளையம், பிறகு மியூவான் சிதையும்போது வரும் எலெக்ட்ரான். இந்த மூன்றும் வரிசையாக வந்தால் நியூட்ரினோ அதைப் போலிசெய்வது ஏறக்குறைய முடியாது.

இந்தத் தேடலைப் பெரிய அளவில் செய்தது சூப்பர்-காமியோகாண்டே. 1996 ஏப்ரலில் தொடங்கிய அதன் தொட்டியில் 50,000 டன் நீர், சுவரெங்கும் 11,000-க்கு மேற்பட்ட ஒளிக்குழாய்கள். 2001 நவம்பரில் ஒரு குழாய் உடைந்து, அதன் அதிர்வலையில் ஏழாயிரத்தை ஒட்டிய குழாய்கள் சங்கிலிபோல் வெடித்த விபத்தையும் தாண்டி அது இன்றுவரை ஓடுகிறது. கேயான் சிதைவுக்கு 1999-ல் அது கொடுத்த கீழெல்லை 6.7×10³² ஆண்டு. 2002-ல் முராயாமா, பியர்ஸ் இருவரும் அந்த எண்ணை வைத்து, துணைத்துகள்கள் சிலவற்றை எவ்வளவு கனமாக்கினாலும் எளிமையான மீச்சீர் எஸ்.யூ.(5) பிழைக்காது என்று காட்டினர். 2014-ல் எல்லை 5.9×10³³ ஆனது. பாசிட்ரான்–பையான் வழிக்கு 2020-ல் 2.4×10³⁴. இன்றுவரை ஒரு சிதைவும் இல்லை. கோட்பாட்டின் சிக்கலான வடிவங்கள் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொரு எல்லைக்கும் அவை சற்று விலகி இடம்கொடுத்துக்கொண்டே வருகின்றன என்பதும் உண்மை.

இதற்கிடையே பின்னணி மறுபடியும் செய்தியானது. புரோட்டான் சிதைவைப் போலிசெய்யும் வளிமண்டல நியூட்ரினோக்களைச் சரியாகக் கழிப்பதற்கு அவற்றை நுணுக்கமாக எண்ண வேண்டியிருந்தது. எண்ணியபோது மியூவான் வகை நியூட்ரினோக்கள் குறைந்தன; பூமியின் மறுபக்கத்திலிருந்து வந்தவை இன்னும் குறைந்தன. 1998-ல் சூப்பர்-காமியோகாண்டே நியூட்ரினோ வகை மாறுகிறது, அதற்கு நிறை உண்டு என்று அறிவித்தது. 1965-ல் கோலாரில் கண்டெடுத்து, 1981-ல் அங்கேயே சுமையாகிப்போன அதே துகள், 2015-ன் நோபல் பரிசுக்குக் காரணமானது.

அரிய சிதைவு வழியாக மீச்சீர்மையைத் தேடும் வேலை புரோட்டானோடு நின்றுவிடவில்லை. மியூவான் எலெக்ட்ரானாகவும் காமா கதிராகவும் சிதைகிறதா என்று 1940-களிலிருந்தே தேடுகின்றனர். சுவிட்சர்லாந்தின் மெக் ஆய்வில் அதன் வாய்ப்பு பத்து லட்சம் கோடியில் இரண்டுக்கும் குறைவு என்று ஆகிவிட்டது. ஜெனிவாவின் எல்.எச்.சி. மோதுகலத்தில் பி-எஸ் மேசான் இரண்டு மியூவான்களாகச் சிதைவது தொடர்பான ஆய்வு இன்னும் கடுமையான அடி. சாதாரணக் கோட்பாட்டின்படி இது 27 கோடியில் ஒரு முறை நடக்கும். மீச்சீர்மையின் சில வடிவங்கள் அதைப் பத்து, நூறு மடங்கு கூட்டிவிடும். 2012 நவம்பரில் எல்.எச்.சி.பி. குழு முதல் சான்றைக் கண்டது, 2015-ல் சி.எம்.எஸ். குழுவோடு சேர்ந்து உறுதிசெய்தது. கிடைத்த அளவு சாதாரணக் கோட்பாட்டின் அளவோடு பொருந்தியது. ஆனால் இவையெல்லாம் துணைத்துகள்களின் எடையைத் தொடுபவை. மோதுகலம் எட்டும் ஆற்றலுக்குப் பக்கத்தில் நிற்பவை. 10¹⁶ ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் என்பது எல்.எச்.சி.யின் ஆற்றலைப்போல லட்சம் கோடி மடங்குக்கு அருகில். அங்கே என்ன இருக்கிறது என்று நேரடியாகக் கேட்கக்கூடிய சாட்சி புரோட்டான் மட்டும்தான்.

கோலாரில் சற்று மேல்மட்டத்தில் இரண்டாவது கருவி ஒன்றும் 1980-களின் நடுவில் இயங்கியது. அதற்குள் சுரங்கத்தின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் மூன்று நான்கு கிராமுக்கு இறங்கிவிட்டது. 1956-ல் மைசூர் அரசும் 1962-ல் மத்திய அரசும் எடுத்துக்கொண்ட சுரங்கம், 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக நட்டத்தில் நடந்தது. ஆழமான தளங்களைக் காற்றும் மின்சாரமும் கொடுத்து உயிரோடு வைத்திருப்பது தங்கத்துக்காகவே கட்டுப்படியாகவில்லை. இயற்பியலுக்காக யாரும் அதைச் செய்யப்போவதில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஆய்வுகள் நின்றன. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்புகள் நின்றதும் கீழ்த்தளங்களில் நீர் ஏறியது. மூன்று நான்கு தலைமுறையாகச் சுரங்கத்தை நம்பியிருந்த குடும்பங்களில் பலர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களாக மாறினர்.

கோலாரின் இரும்புத் தகட்டு வடிவம் இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தில் மறுபடியும் எழுந்தது. கோலாரில் பணியாற்றிய மண்டல்தான் அதற்கும் தலைமை தாங்கினார். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து 50,000 டன் காந்தமூட்டிய இரும்பை அடுக்குவது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடும் நீரும் குறித்த எதிர்ப்பிலும் வழக்குகளிலும் அது நின்றுபோனது.

புரோட்டானுக்கான அடுத்த காத்திருப்பு வேறிடங்களில் நடக்கிறது. ஜப்பானில் 2,60,000 டன் நீருக்கான ஹைப்பர்-காமியோகாண்டே கட்டப்படுகிறது. சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் 20,000 டன் ஒளிர்திரவம் கொண்ட ஜூனோ 2025-ல் இயங்கத் தொடங்கியது. ஒளிர்திரவத்தில் மெதுவாகப் போகும் கேயானும் ஒளிவிடும் என்பதால், மீச்சீர்மை சொன்ன சிதைவை அது நேரடியாகவே காண முடியும். மூன்றாவது கருவியான டியூன் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கத்தில் அமைகிறது. அதுவும் நூறாண்டுக்கு மேல் ஓடி, கோலாருக்கு அடுத்த ஆண்டு, 2002-ல், தங்கம் எடுப்பதை நிறுத்தியது. அங்கேயும் பம்புகள் நின்று நீர் ஏறியது; பிறகு மாநில அரசும் ஒரு கொடையாளரும் பணம் கொடுத்து நீரை இறைத்து, அதை ஆய்வகமாக மாற்றினர். ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் குகைகள் குடைந்து முடிந்துவிட்டன. ஒவ்வொன்றும் 17,000 டன் திரவ ஆர்கானைத் தாங்கும் தொட்டிகளின் எஃகுத் துண்டுகள் பழைய ஷாஃப்டின் கேஜ் அளவுக்கு வெட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்குகின்றன.